வழங்கல்–பயன்பாட்டு அட்டவணை: மதுரைக்குத் திட்டம் போடுபவர்கள் இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மாவட்டத் தொழில் மையத்துக்குக் குழுமத் திட்டம் எழுதுபவர்கள், மாநகராட்சிக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர்கள், பொருளியலில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் என எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தச் செலவால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், ஊருக்கு எத்தனை ரூபாய் வருமானம் வரும்? இதற்குப் பதில் சொல்லப் பெரும்பாலான அறிக்கைகள் ஏதோ ஒரு பழைய அறிக்கையில் இருந்து “பெருக்கி 2.5” (ஒரு ரூபாய்த் தேவை கூடினால் மொத்த உற்பத்தி எத்தனை ரூபாய் கூடும் என்ற எண்) என்று எடுத்துப் போட்டுவிடுகின்றன. அது எங்கிருந்து வந்தது, எந்த ஊருக்கு, எந்த ஆண்டுக்கு என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணை நாமே கணக்கிட்டுப் பார்க்க ஒரு கருவி இலவசமாகக் கிடைக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் வழங்கல்–பயன்பாட்டு அட்டவணைதான் அது. அந்த அட்டவணை, அதைச் சுற்றியுள்ள தேசியக் கணக்குகள், மாநில அரசு தரும் மாவட்ட வருமான மதிப்பீடு ஆகிய மூன்றையும் மதுரையில் வேலை செய்பவரின் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அட்டவணையில் 140 பொருள்கள் கிடை வரிசைகளாகவும், 66 தொழில்கள் நெடுக்குப் பத்திகளாகவும் இருக்கும். வழங்கல் பக்கம் ஒவ்வொரு பொருளையும் எந்தத் தொழில் எவ்வளவு உற்பத்தி செய்தது, எவ்வளவு இறக்குமதி ஆனது என்று சொல்லும். பயன்பாட்டுப் பக்கம் அந்தப் பொருளை எந்தத் தொழில் உள்ளீடாக வாங்கியது, குடும்பங்களும் அரசும் எவ்வளவு நுகர்ந்தன, முதலீட்டுக்கும் ஏற்றுமதிக்கும் எவ்வளவு போனது என்று சொல்லும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பக்கமும் சமமாக வந்தே ஆக வேண்டும். வழக்கமான ஜிடிபி அறிக்கையில் உற்பத்தி வழிக் கணக்கும் செலவு வழிக் கணக்கும் ஒத்துப்போகாமல் “முரண்பாடு” என்று ஒரு வரி நிற்கும். இந்த அட்டவணையில் அப்படி ஒதுக்கித் தள்ள இடமில்லை, பொருள் பொருளாக நேர் செய்துதான் வெளியிட முடியும். இந்தியாவின் பொருளாதாரக் கணக்குகளில் இதை மிக நேர்மையான ஆவணம் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இதன் பின்னால் பெரிய பரம்பரை இருக்கிறது. 1949இல் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தபோது பொருளியலாளர்கள் சைமன் குஸ்நெட்ஸும் ரிச்சர்ட் ஸ்டோனும் ஆலோசகர்களாக வந்தார்கள். உள்ளீடு–வெளியீட்டு முறையை உருவாக்கிய லியோன்டிஃபுக்கு 1973இலும், தேசியக் கணக்கு முறைக்காக ஸ்டோனுக்கு 1984இலும் நோபல் கிடைத்தது. கனரகத் தொழிலை முன்னிறுத்திய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் மகாலனோபிஸ் போட்ட மாதிரியின் மீது நின்றது. எஃகு உற்பத்தியைக் கூட்டினால் நிலக்கரி எவ்வளவு கூட வேண்டும், ரயில் எவ்வளவு கூட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் தரவே இத்தகைய அட்டவணைகள் பிறந்தன.

கிடைக்கும் இடத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. அட்டவணை எக்செல் கோப்பாகவே அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது. தேசியக் கணக்குகளின் காலவரிசைத் தரவுகளுக்கு 2024 ஜூன் 29, புள்ளியியல் தினத்தன்று தொடங்கிய இ-சாங்க்யிகி தளம் இருக்கிறது. ஆண்டு, துறை, நடப்பு விலை, நிலை விலை (விலையேற்றம் நீக்கியது) என்று தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். பணம் கிடையாது. கைபேசியில் முயற்சி செய்ய வேண்டாம், 66 பத்தி அட்டவணையை அந்தத் திரையில் படிக்க முடியாது. சாதாரண மேசைக் கணினியும் எக்செல் அல்லது லிப்ரே ஆஃபிஸும் போதும்.

கோப்பைத் திறந்த உடனே பெருக்கி கணக்கிட்டுவிட முடியாது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றும் முடியாமல் எடுக்கும் எண் தவறாகத்தான் இருக்கும்.

முதல் வேலை விலை மாற்றம். பயன்பாட்டு அட்டவணை வாங்குவோர் விலையில் இருக்கும். அதாவது ஓட்டல்காரர் வாங்கும் அரிசியின் விலைக்குள் ஆலை விலை, லாரி வாடகை, மொத்த வியாபாரியின் லாபம், வரி எல்லாம் சேர்ந்தே கிடக்கும். வழங்கல் அட்டவணையில் வணிக, போக்குவரத்து விளிம்புக்கென்று (விலையில் வியாபாரிக்கும் வண்டிக்கும் போகும் பங்கு) பத்தி உண்டு. சரக்குகளுக்கு நேர் எண்ணாகவும், வணிகச் சேவை, போக்குவரத்துச் சேவை வரிசைகளில் எதிர் எண்ணாகவும் இருக்கும். மொத்தம் பூஜ்ஜியம் வர வேண்டும், வராவிட்டால் ஏதோ ஒரு வரிசை தவறிவிட்டது என்று பொருள். அந்த விகிதத்தை வைத்து ஒவ்வொரு சரக்கில் இருந்தும் விளிம்பைப் பிரித்து வணிகம், போக்குவரத்து வரிசைகளுக்கு மாற்ற வேண்டும். பொருள் மீதான வரியையும் மானியத்தையும் தனியே எடுத்துவிட வேண்டும். மதுரையைப் பொறுத்தவரை இது உயிர்நாடியான படி. கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளும் மாட்டுத்தாவணிச் சந்தைகளும் ஊருக்குத் தரும் வருமானம் முழுக்க இந்த விளிம்பில்தான் இருக்கிறது. இதைப் பிரிக்காமல் கணக்குப் போட்டால் மதுரை வணிகர் சம்பாதித்தது அரிசி ஆலையின் உற்பத்தியாகவும் பருத்தி விவசாயியின் உற்பத்தியாகவும் காட்டும்.

இரண்டாவது, இறக்குமதியைக் கழிப்பது. பயன்பாட்டுப் பக்கத்தில் உள்நாட்டுச் சரக்கும் வெளிநாட்டுச் சரக்கும் கலந்தே இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இறக்குமதிப் பங்கை எடுத்து அந்த வரிசை முழுவதற்கும் ஒரே விகிதத்தில் கழிப்பது வழக்கம். பங்கை எடுக்கும்போது வகுக்கும் எண் உள்நாட்டு உற்பத்தி கூட்டல் இறக்குமதி கழித்தல் ஏற்றுமதி. ஏற்றுமதியைக் கழிக்க மறந்தால், அதிகம் ஏற்றுமதியாகும் பொருள்களில் இறக்குமதிப் பங்கு குறைந்து தெரியும், பெருக்கி வீங்கிவிடும்.

மூன்றாவது, 140க்கு 66 என்ற செவ்வகத்தைச் சதுரமாக்குவது. பயன்பாட்டு அட்டவணையின் ஒவ்வொரு பத்தியையும் அந்தத் தொழிலின் மொத்த உற்பத்தியால் வகுத்தால் உள்ளீட்டு விகித அணி (எண்களின் கட்டம்) கிடைக்கும், அளவு 140 × 66. வழங்கல் பக்கத்தில் தொழில்களை வரிசைகளாகத் திருப்பி, ஒவ்வொரு பொருளின் உற்பத்தியையும் அந்தப் பொருளின் மொத்தத்தால் வகுத்தால் சந்தைப் பங்கு அணி, அளவு 66 × 140. சந்தைப் பங்கை முன்னாலும் உள்ளீட்டு விகிதத்தைப் பின்னாலும் வைத்துப் பெருக்கினால் தொழிலுக்குத் தொழில் 66 × 66 அணி வரும். மாற்றிப் பெருக்கினால் பொருளுக்குப் பொருள் 140 × 140. பொருள் தொழில்நுட்பம் என்ற இன்னொரு அனுமானமும் புத்தகங்களில் இருக்கும். அதற்குப் பொருள்களும் தொழில்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், எதிர் எண்களும் முளைக்கும். புதிதாகச் செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பிறகு ஒன்றணியில் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) இருந்து இந்த அணியைக் கழித்து எக்செலில் எம்இன்வெர்ஸ் (MINVERSE) போட்டால் லியோன்டிஃப் நேர்மாறு (பத்தி பத்தியாகக் கூட்டினால் பெருக்கி தரும் அணி) வந்துவிடும், சில நொடி வேலை. இங்கே வழக்கமாகச் சிக்கும் இடங்கள்: மொத்தம் என்ற கடைசி வரிசையையும் பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது, இணைக்கப்பட்ட கட்டங்களால் ஒரு பத்தி இடம் மாறுவது, எண் எழுத்தாகப் பதிவாகியிருப்பது, உள்நாட்டு உற்பத்தியே இல்லாத பொருளைப் பூஜ்ஜியத்தால் வகுப்பது, லட்சத்தையும் கோடியையும் குழப்பிக்கொள்வது. சோதனை எளிது. ஒவ்வொரு பத்தியிலும் உள்நாட்டு உள்ளீடு, இறக்குமதி உள்ளீடு, பொருள் மீதான வரி, கூட்டுமதிப்பு (கூலி, லாபம் போன்றவை) நான்கின் விகிதங்களையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராத பத்தியை வைத்துக்கொண்டு மேலே போகக்கூடாது.

இந்தப் படிகளைத் தவிர்த்தால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. விவசாயம், தொழில் என இரண்டே துறைகள். விவசாயத்தின் ஒரு ரூபாய் உற்பத்திக்கு விவசாயத்தில் இருந்து 20 பைசாவும் தொழிலில் இருந்து 10 பைசாவும் உள்ளீடு. தொழிலின் ஒரு ரூபாய்க்கு விவசாயத்தில் இருந்து 30 பைசா, தொழிலில் இருந்து 40 பைசா. நேர்மாறு எடுத்தால், தொழில்துறைப் பொருளுக்கு 100 ரூபாய்த் தேவை கூடும்போது மொத்த உற்பத்தி சுமார் 244 ரூபாய் கூடும். அந்த 40 பைசாவில் 10 பைசா இறக்குமதி என்று கழித்தால் 244 என்பது 208க்கு இறங்கிவிடும். இப்போது இதையே ஒரு மாவட்டத்துக்குப் பார்ப்போம். உள்ளூரில் வாங்குவது விவசாயத்துக்கு 10, 5 பைசா, தொழிலுக்கு 20, 10 பைசா மட்டும்தான் என்று வையுங்கள். விடை 137.50. நாடு முழுவதற்கும் 244 என்று வந்த எண்ணை மதுரை அறிக்கையில் அப்படியே ஒட்டினால், கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்ன 144 ரூபாயில் ஏறக்குறைய 107 ரூபாய் மாவட்டத்துக்கு வராத பணம்.

கட்டுமானப் பத்தியை எடுத்துப் படித்தால் இது கண்ணுக்கே தெரியும். சிமெண்ட், கம்பி, செங்கல், ஜல்லி, மரம், பெயிண்ட், மின்பொருள், லாரி, வணிகம் என்று உள்ளீடுகள் வரிசையாக இருக்கும். தேசிய அளவில் பெருக்கி நன்றாகவே வரும். மதுரையில் கட்டடம் எழும்பும்போது சிமெண்ட் விருதுநகர், அரியலூர் பக்கத்து ஆலைகளில் இருந்து வருகிறது, கம்பி அதைவிடத் தூரத்தில் இருந்து. செங்கலும் ஜல்லியும் எம்-சாண்டும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். கொத்தனார், சித்தாள் கூலியும், சிமெண்ட் ஏஜென்சியின் விளிம்பும் ஊரில் தங்கும். ஆகவே கட்டுமானத் திட்டத்தின் உள்ளூர்ப் பலனை எழுதும்போது கூலிப் பங்கையும் வணிக விளிம்பையும் தனியே காட்டி, சிமெண்டையும் கம்பியையும் கசிவாக (ஊரைவிட்டு வெளியே போகும் பணமாக) காட்டுவதே முறை. கட்டுமானப் பத்தி இந்த அட்டவணையின் நல்ல பகுதிகளில் ஒன்று, அதில் எது எதோடு சேர்ந்து நகர்கிறது என்ற வரிசையை நம்பிப் பயன்படுத்தலாம்.

தேசிய விகிதத்தை மாவட்டத்துக்கு இறக்க வழக்கமான வழி இடப்பங்கு ஈவு. மாவட்டத்தில் 100 தொழிலாளரில் 6 பேர் ஜவுளியில், நாட்டில் 100க்கு 8 பேர் என்றால் ஈவு 0.75. ஜவுளியில் இருந்து வாங்கும் 0.20 விகிதத்தை 0.15 ஆக்குவீர்கள். ஈவு 1க்கு மேல் போனால் விகிதத்தை அப்படியே விடுவீர்கள். ஒரே சரக்கை ஊர் அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது என்பதை இந்த முறை பார்க்காது, அதனால் விடை இன்னமும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பொருளியலாளர் ஃப்ளெக்கின் திருத்தம் மாவட்டத்தின் அளவையும் சேர்த்து இன்னும் குறைக்கும். அதையும் செய்து, இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட வரம்பாக அறிக்கையில் கொடுங்கள். ஒற்றை எண் கொடுக்காதீர்கள்.

வேலைவாய்ப்பைக் கணக்கிடும்போது இன்னொரு பிழை சர்வசாதாரணம். அட்டவணை சில ஆண்டுகள் பின்தங்கித்தான் வரும். அந்த ஆண்டு விலையில் “ஒரு கோடி உற்பத்திக்கு இத்தனை பேர்” என்று விகிதம் எடுத்துவிட்டு, இன்றைய விலையில் உள்ள 100 கோடி மதிப்பீட்டோடு பெருக்கிவிடுகிறார்கள். இடையில் விலை 30 சதவீதம் ஏறியிருந்தால் அந்த 100 கோடியை முதலில் 1.3ஆல் வகுத்து 76.9 கோடியாக இறக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத வேலைகளை எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

2020-21ஆம் ஆண்டு அட்டவணையைத் திட்டமிடலுக்கு எடுக்காதீர்கள். ஊரடங்கு ஆண்டின் ஓட்டல், போக்குவரத்துப் பத்திகளை வைத்து மதுரையின் கோயில் சுற்றுலாவுக்குத் திட்டம் போட முடியாது. அதே ஆண்டு, முதல் எண்ணை நம்பி அவசரப்படக்கூடாது என்பதற்கும் நல்ல பாடம். பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியதாக 2021 மே மாதம் சொன்னார்கள். 2022 ஜனவரியில் அது 6.6 ஆனது, பின் வந்த திருத்தங்களில் 5.8 ஆனது. அதோடு, 2011-12 அடிப்படை ஆண்டு வரிசையில் இருந்து 2022-23 வரிசைக்கு மாறும் காலம் இது. இரண்டு வரிசைகளின் எண்களை ஒரே வரைபடத்தில் ஒட்டவைத்து வளர்ச்சி விகிதம் எடுப்பது பெரிய தவறு.

மதுரைக்காரர் ஏமாறும் இடம் வேளாண்மை. பொருள் பக்கத்தில் நெல், கரும்பு, தேங்காய் என்று தனித்தனி வரிசைகள் இருந்தாலும், தொழில் பக்கத்தில் பயிர்கள் எல்லாம் வேளாண்மை என்ற ஒன்றில் சேர்ந்துவிடுகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு எந்தப் பக்கத்திலும் தனி இடம் இல்லை. விடியற்காலையில் பறிக்கும் கூலியே பெரும்பங்காக இருக்கும் மல்லிகையும், இயந்திர அறுவடைக்குப் போய்விட்ட நெல்லும் ஒரே உள்ளீட்டு அமைப்போடு கணக்கில் நிற்கும். மல்லிகைக்குத் திட்டம் எழுதுபவர் இந்தப் பத்தியைத் தொடவே வேண்டாம். நூறு தோட்டங்களில் செலவுக் கணக்கு எடுத்துத் தனிப் பத்தி ஒன்றை உருவாக்கி, அட்டவணையின் மற்றப் பகுதியோடு சேர்ப்பதுதான் வழி. உழைப்பு கூடுதல், ஆனால் வேறு வழியில் வரும் எண்ணுக்கு மல்லிகையோடு சம்பந்தம் இருக்காது.

தேவை கூடினால் உற்பத்தி தானாகக் கூடிவிடும், விலை மாறாது என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானம். 2012க்குப் பிறகு மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் நின்றது போன்ற வழங்கல் தடையை இதே பெருக்கியால் அளக்க முடியாது.

இனி மாவட்ட வருமான மதிப்பீடு. மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை தரும் மாவட்ட உள்நாட்டு உற்பத்தி எண்களில் இரண்டு வகை கலந்திருக்கிறது. பயிர், கனிமம், பதிவு பெற்ற ஆலை போன்றவை பெரும்பாலும் மாவட்டத்திலேயே அளந்தவை. வங்கி, ரயில்வே, அரசு நிர்வாகம், சிறு வணிகம் போன்றவற்றில் பல, மாநில மொத்தத்தைத் தொழிலாளர் எண்ணிக்கை போன்ற ஏதோ ஒரு குறியீட்டால் பங்கிட்டவை.

அளந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை வாடிப்பட்டிப் பக்கம் அறுவடை நேரத்தில் பார்க்கலாம். பயிர் அறுவடைப் பரிசோதனைக்குத் தேர்வான வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரத்தை முளையடித்துக் கயிறு கட்டி அளப்பார்கள். அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஈரம் போனபின் எடை எவ்வளவு குறையும் என்பதும் கணக்கில் சேரும். 25 சதுர மீட்டரை ஹெக்டேராக்க 400ஆல் பெருக்க வேண்டும். கயிறு ஓரத்தில் ஒரு வரிசையைச் சேர்த்து அறுத்து ஒரு கிலோ கூடினாலும் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடிவிடும். பல வயல்களின் சராசரி என்பதால் பிழை ஓரளவு கரையும், ஆனாலும் ஒரு வட்டாரத்தின் ஓராண்டு ஏற்ற இறக்கத்தைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருவாய்த்துறையின் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது, கணக்கு ஆண்டு ஏப்ரலில். பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதிக்குத் தண்ணீர் எப்போது திறந்தார்கள் என்பதைப் பார்க்காமல் அந்த ஆண்டின் நெல் எண்ணைப் படிப்பதில் பயனில்லை.

இப்படி அளந்த எண்ணிலாவது ஊரின் மழையும் உழைப்பும் தெரியும். பங்கிட்ட எண்ணில் அது தெரியாது. மதுரையில் சிறு வணிகம் சரிந்து கோவையில் ஏறினாலும், பங்கிடும் குறியீடு பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து வந்தால் இரண்டு மாவட்டமும் சேர்ந்தே ஏறும். அந்த ஏற்றத்தைக் காட்டி “மாவட்டத் திட்டம் பலித்தது” என்று எழுதுவது கணக்குக்குச் செய்யும் அநீதி.

இன்னொன்று, இது வருமானம் உருவாகும் இடத்தின் கணக்கு. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்தில் இருந்து திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் சம்பாதிப்பது இங்கே ஏறாது. அவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டும் வீடு கட்டுமானத்தில் ஏறும். ஆகவே தலைக்கு வருமானம் என்று இதை எடுத்து, எந்த வட்டாரம் ஏழை என்று தீர்மானிக்கக் கூடாது. யாருடைய கைக்குப் பணம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் வழங்கல்–பயன்பாட்டு அட்டவணையோடு குடும்பங்களையும் கூலியையும் வரியையும் அனுப்பு பணத்தையும் இணைத்த சமூகக் கணக்கு அணி வேண்டும். இலங்கைக்கு 1970களிலேயே அப்படி ஒன்று தயாரித்தார்கள். தமிழ்நாட்டின் மாவட்டங்களுக்கு அதைச் செய்ய இப்போது வழி திறந்திருக்கிறது: 2025 ஜனவரி முதல் தொழிலாளர் கணக்கெடுப்பின் மாதிரி வடிவமைப்பில் மாவட்டமே அடிப்படை அலகு ஆகியிருக்கிறது. பங்கிடும் குறியீடாகப் பழைய கணக்கெடுப்பை விட்டுவிட்டு இதைப் பிடித்தாலே மதிப்பீடு பல மடங்கு உருப்படும்.

மதிப்பெண் கேட்டால், நாட்டளவில் எந்தத் தொழில் எதை இழுக்கிறது என்று பார்க்க வழங்கல்–பயன்பாட்டு அட்டவணைக்கு ஐந்துக்கு நாலரை. தாமதத்துக்காகவும், வேளாண்மையை ஒரே பத்தியில் அடைத்ததற்காகவும் அரை குறைகிறது. இ-சாங்க்யிகிக்கு நான்கு. மாவட்ட உற்பத்தி மதிப்பீட்டுக்கு, அளந்த துறைகளை மட்டும் எடுத்தால் மூன்று, மொத்த எண்ணாக எடுத்தால் ஒன்றரை. அந்த ஒன்றரையை மூன்றாக்கப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட எண்ணுக்குப் பக்கத்திலும் மூன்று பத்திகளைச் சேர்த்தால் போதும்: அளந்ததா பங்கிட்டதா, பங்கிட்டதென்றால் எந்தக் குறியீட்டால், அந்தக் குறியீடு எந்த ஆண்டுடையது. துறையிடம் இந்தத் தகவல் இருக்கிறது, இல்லாமல் அந்த எண்ணையே போட்டிருக்க முடியாது. அது வரும்வரை திட்ட அறிக்கை எழுதுபவர்கள் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்குத் துறைவாரியாக எழுத்தில் கேட்டு, வரும் பதிலை அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.